வீடியோவில் சிரித்த மருமகள்

போன கோடையில், பேத்தியின் கல்யாணத்துக்கு முதல்நாள் காலை, ஆலாத்தித் தட்டை மடியில் வைத்துப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வரும்போது சேலைகளுக்கு நடுவில் சுற்றி நான் கொண்டுவந்த பித்தளைத் தட்டு அது. எவ்வளவு தேய்த்தாலும் அதன் விளிம்பில் ஒரு இடம் கறுத்தே இருக்கும். பல வருசங்களுக்கு முன், ஆலாத்தி சுற்றும்போது வாழைப்பழத் துண்டில் செருகிய திரியொன்று சரிந்து எரிந்த அடையாளம். அன்று தட்டைப் பிடித்திருந்தவள் என் மருமகள். கை நடுங்கித்தான் திரி சரிந்தது. பக்கத்தில் நின்று அதை நான் என் கண்ணால் கண்டேன். ஆனால் ரொறன்ரோவில் ஒரு கோர்ட்டில், பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாரும் இருந்து பார்த்த வீடியோவில் அந்த நடுக்கம் இல்லை. அதில் இருந்தது அவளுடைய சிரிப்பு மட்டும்தான்.

மருமகள் என்றால் என் மகனின் மனைவி. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் வானத்தை முட்டுகிற கட்டிடமொன்றில் நாங்கள் இருந்த காலத்தில் கல்யாணம் கட்டி வந்தவள். வரும்போது அவளுடைய பின்னல் முழங்காலுக்குப் பின்னால் ஆடும். லிப்டுக்குள் ஏறினால் பின்னலை இழுத்து முன்னால் பிடித்துக்கொள்வாள், கதவுக்குள் மாட்டிவிடுமென்று. ஒரு ஹோட்டலில் அறை துப்பரவாக்கும் வேலை. பாரமான மெத்தைகளைத் தனியாகத் தூக்கி விரிப்பு மாற்றுவாள். அவளும் நானும் அதிகம் பேசிக்கொண்டவர்கள் அல்ல. ஒரு குசினிக்குள் இரண்டு பேரும் நின்றால் சட்டிபானையின் சத்தம்தான் கூடக் கேட்கும். நான் கறிக்கு உப்புப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் அது நல்லாயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எனக்கு முன்னால் அவள் கால் நீட்டி இருந்ததில்லை, சத்தமாகக் கொட்டாவி விட்டதும் இல்லை. அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில்தான் விபத்து நடந்தது. மகன் காரை ஓட்டினான். முன் ஆசனம் எப்போதும் எனக்குத்தான், அதற்கு ஆரும் கேள்வி கேட்பதில்லை. மருமகள் பின்னால் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டு. சிவப்பு வெளிச்சத்துக்கு நின்றோம். பின்னால் ஆரோ பிறேக்கைக் கிறீச்சிட அழுத்தும் சத்தம் கேட்டது. அந்த நொடியில் அவள் செய்தது, தட்டு சரிந்துவிடாமல் உடம்பைத் திருப்பி இரண்டு கையாலும் அதைப் பிடித்தது. அப்படித் திரும்பியிருந்தபோதுதான் பின்னால் வந்த கார் எங்களை இடித்தது. எனக்கும் மகனுக்கும் ஒரு கீறலும் இல்லை. திருநீறு கூடச் சிந்தவில்லை. "சாமி காப்பாத்திப்போட்டார்" என்று நான் கும்பிட்டேன். "ஓம் மாமி" என்று அவளும் சொன்னாள். தட்டை மடியில் வைத்தபடி, ஆடாமல் அசையாமல் இருந்தாள். பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

எலும்பு எதுவும் முறியவில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிழமைகள் போயின, மாதங்கள் போயின. கழுத்திலிருந்து தோள்மூட்டுக்கும் அங்கிருந்து இடுப்பு நாரிக்கும் நோ இறங்கிக்கொண்டே போனது. வேலைக்குப் போய்ப் பார்த்தாள், மெத்தையைத் தூக்க முடியவில்லை, நின்றுவிட்டாள். வீட்டில் எனக்கு முன்னால் ஒரு நாளும் முனகியதில்லை. குடும்ப டொக்டர் எங்கள் ஆள்தான், வயதானவர். "எப்பிடிப் பிள்ளை இருக்கிறீர்?" என்று அவர் கேட்டால், "இருக்கிறன் டொக்டர், பரவாயில்லை" என்பாள். பெரியவர் ஒருவர் சுகம் விசாரித்தால் வேறு என்ன மறுமொழி சொல்வது? எங்களில் ஆராவது அந்த இடத்திலிருந்து தன் நோவைப் பட்டியல் போடுவார்களா? அவளுடைய "பரவாயில்லை" எல்லாம் டொக்டரின் குறிப்பில் ஏறிக்கொண்டிருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது.

நான் கண்டது ஒன்று. ஒரு காலை, கண்ணாடிக்கு முன்னால் சீப்போடு நின்றாள். கை காதுவரை போனது. அதற்கு மேல் போகவில்லை. மற்றக் கையால் அந்தக் கையை ஏந்தி உயர்த்திப் பார்த்தாள். அதுவும் சரிவரவில்லை. வாசலில் நான் நிற்பதைக் கண்டதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"இஞ்சால வாரும், நான் பின்னி விடுறன்" என்றேன்.

"வேண்டாம் மாமி. உங்களுக்கேன் கரைச்சல்."

அடுத்த கிழமை தலைமயிரைக் கழுத்தளவில் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கழுவ லேசு மாமி" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். மகன் அன்று சாப்பிடாமல் எழும்பிவிட்டான்.

பிறகு ஒரு லோயரைப் பிடித்தோம். எங்கட பிள்ளைதான், இங்கே படித்தவர். தமிழைக் கொஞ்சம் யோசித்து யோசித்துப் பேசுவார். அவர் சொல்லித்தான் கோர்ட் இதை எப்படிப் பார்க்கிறது என்று எனக்கு விளங்கியது.

"அம்மா, பின்னால வந்து இடிச்ச ஆள்தான் பிழை. அதை அவையளே ஒத்துக்கொண்டிட்டினம். அதில சண்டையில்லை. இவவுக்கு வந்த பாதிப்பு நிரந்தரமோ, பாரதூரமோ, வாழ்க்கைக்கு முக்கியமான ஏதாவதொண்டை அது செய்ய விடாமல் பண்ணுதோ, உதுதான் கேள்வி."

"நோகுது எண்டு அவ சொல்லுறா தானே தம்பி."

"சொன்னாக் காணாதம்மா. முறிஞ்ச எலும்பெண்டால் படத்தில காட்டலாம். நோவுக்கு எக்ஸ்ரே இல்லை. எங்கட டொக்டர் ஒண்டு சொல்லுவார், அவையின்ர டொக்டர் வேற ஒண்டு சொல்லுவார். கடைசியில ஜூரியும் ஜட்ஜும் இவவை நம்பினமோ இல்லையோ எண்டதிலதான் வந்து நிக்கும். கூட இருக்கிறவை வந்து, முந்தி எப்பிடி, இப்ப எப்பிடியெண்டு சொல்ல வேணும். நீங்கள் வருவீங்கள்தானே?"

"வராமல்?" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மருமகள் வழக்கத்துக்கு மாறாக என்னோடு பேசினாள். உறவுக்குள் கதை பரவியிருந்தது அவளுக்குத் தெரியும். இன்சூரன்சுக்காக நடிக்கிறாள் என்று கோயிலில் வைத்தே ஒருத்தி சொன்னாளாம். "எனக்குக் காசு பெரிசில்லை மாமி. ஆரும் ஒரு பெரிய மனிசர் இருந்து, ஓம், இவவுக்கு நோகுதுதான் எண்டு எல்லாருக்கும் முன்னால ஒருக்காச் சொன்னாக் காணும்." அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் காதால் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் என் மகளின் மூத்த பிள்ளை பெரிய பிள்ளையானாள். சாமத்தியவீட்டை மண்டபம் எடுத்துச் செய்தார்கள். பல்லக்கு, பூவளைவு, புகை விடுகிற மெசின், எல்லாம் இந்த ஊர் வழக்கப்படி. தாய்மாமனின் மனைவி என்ற முறையில் ஆலாத்தி எடுக்க வேண்டியவள் என் மருமகள்தான். நான் விதவை, சடங்கு நேரத்தில் அந்தத் தட்டைத் தொடுவதில்லை. "நீர் கதிரையில இரும். வேற ஆரையும் விடுவம்" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"தாய்மாமன்ர பெண்சாதி நான் குத்துக்கல்லுமாதிரி இருக்க, வேற ஆரோ எடுக்கிறதோ? பிள்ளை என்ன நினைப்பாள்? விடுங்கோ மாமி."

அழகுபடுத்துகிற பெண்ணிடம் சொல்லி, வெட்டிய தலைமயிரோடு நீளச் சவுரி ஒன்றை வைத்துப் பின்னுவித்தாள். கதிரையில் இருத்தி வைத்து அந்தப் பெண்தான் முழுவதும் செய்தது. இடுப்புக்குக் கீழே பின்னல், அது நிறையப் பூ. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பழைய ஆள் வந்திட்டா" என்று தன்னைத்தானே பகிடி பண்ணினாள். பிறகு நோக் குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்தது பிள்ளையின் தகப்பனுடைய தங்கச்சி. வாட்டசாட்டமான பெண், பாரம் முழுவதையும் தான் தாங்குவதாகச் சொல்லியிருந்தாள். அப்படியே சுற்றி முடித்தார்கள். வீடியோக்காரன் விடவில்லை.

"அக்கா, இன்னொருக்கா எடுப்பம். முகம் இறுகிப்போய்க் கிடக்கு. மாமியாரைப் பாக்காதேங்கோ, கமராவைப் பாருங்கோ, அப்ப சிரிப்பு வரும்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள். அந்த இரண்டாம் முறை சுற்றும்போதுதான் கை நடுங்கித் திரி சரிந்தது. தட்டை என் மகளிடம் கொடுத்துவிட்டு உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போனவள், கூறைச் சேலையோடு வெறும் நிலத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தாள். நான் கதவைத் திறந்ததும் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு முன்னால் அவள் கால் நீட்டிக் கிடந்தது அன்றுதான். கதவைச் சாத்தி, ஒருவரும் உள்ளே வராமல் வெளியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டேன்.

வீடியோக்காரன் அந்தச் சாமத்தியவீட்டைத் தன் தொழிலுக்கு விளம்பரமாக இன்ரர்நெற்றில் போட்டான். நாங்களும் பார்த்துப் பெருமைப்பட்டோம். அதைப் பார்க்க வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பதை ஆர் நினைத்தது?

வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் நல்ல சேலையொன்றை உடுத்துக்கொண்டு போனேன். மொழிபெயர்ப்பதற்கு ஒரு தமிழ்ப் பிள்ளை பக்கத்தில் நின்றது. ஜூரி ஆறு பேர், கடையிலும் பஸ்ஸிலும் நாம் காண்கிற சாதாரண ஆட்கள். ஒருத்தி பின்னற்சட்டை போட்டிருந்தாள். எங்கட லோயர் கேட்டதற்கெல்லாம் நான் மறுமொழி சொன்னேன். மெத்தையைச் சொன்னேன். சோறு வடிக்கிற பானையை அவள் விட்டுவிட்டதைச் சொன்னேன். தலைமயிரையும் சொன்னேன், அந்தச் சீப்பு காதுக்கு மேலே போகவில்லை என்று என் கையை உயர்த்திக் காட்டினேன். பின்னற்சட்டைக்காரி தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். நம்புகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்து மற்றப் பக்கத்து லோயர் எழும்பினார். வெள்ளைக்காரப் பெண், மெத்த மரியாதையானவர். மருமகளில் எனக்கு நல்ல பட்சமாக இருக்கும், அவளுக்கு உதவி செய்ய விருப்பமாக இருக்கும், அப்படித்தானே என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்கிற பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன். "பிள்ளை, அவவிட்டைச் சொல்லும், நான் மாமியார். மருமகளைப் பற்றி நல்லதாய் நாலு சொல்லு சொல்லுறதே எனக்குப் பெரிய பாடு. அதுக்கு மேலே பொய்யும் சொல்லுறதெண்டால் எங்கை போறது?"

ஜட்ஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜூரியிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த நேரம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

பிறகு திரையில் வீடியோவைப் போட்டார்கள். சினிமாப் பாட்டொன்று பின்னால் போக, மெதுவாக, மிக மெதுவாக என் மருமகள் ஆலாத்தித் தட்டோடு வந்தாள். மற்றப் பெண்ணின் முழங்கை மட்டும் ஒரு ஓரத்தில் தெரிந்தது. கேமரா மருமகளுடைய முகத்தில்தான் நின்றது. என்ன வடிவான சிரிப்பு! மாமியாரைப் பார்க்காதேங்கோ என்ற பகிடிக்கு வந்த சிரிப்பு அது. பகிடி அதில் இல்லை. அவள் திரும்பினாள். இடுப்புக்குக் கீழே பின்னல் ஆடியது.

அந்த லோயர் அம்மா படத்தை அப்படியே நிறுத்தினார். தலைமயிரை வெட்டிவிட்டாள் என்று சொன்னீர்களே, இது விபத்துக்குப் பிறகு எடுத்த படம்தானே, என்று அமைதியாகக் கேட்டார்.

"அது சவுரி!" என்று கத்திவிட்டேன்.

மொழிபெயர்க்கிற பிள்ளை என்ன சொல்லிற்றோ தெரியாது. அந்த அம்மா நன்றி சொல்லித் தன் கதிரையில் இருந்துவிட்டார். எங்கட லோயர் திரும்ப எழும்பி, அது ஆர் வைத்தது, எப்படி வைத்தது என்றெல்லாம் கேட்டார். நானும் சொன்னேன். ஆனால் ஆறு பேருடைய கண்ணும் என்னில் இல்லை. நிறுத்தி வைத்த அந்தப் படத்தில் இருந்தது. பின்னற்சட்டைக்காரி பின்னலைப் பார்த்தாள், பிறகு வாங்கில் உட்கார்ந்திருந்த மருமகளின் கட்டைத் தலைமயிரைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள். நிலத்தில் படுத்துக் கிடந்ததையும் சொன்னேன். அதற்குப் படம் இல்லை. வெட்டி எறிந்த துண்டுகளைக் கேட்டு வீடியோக்காரனிடம் எங்கட லோயர் முன்னமே ஆள் அனுப்பியிருக்கிறார். வடிவில்லாத இடங்களை அவன் வைத்திருப்பதில்லையாம். அது அவனுடைய தொழில், அவனைக் குறை சொல்ல ஏலாது.

காசு எவ்வளவு என்று ஜூரி சொல்லும், பாதிப்பு சட்டத்துக்குக் காணுமோ என்று ஜட்ஜ் சொல்வார். ஜூரி கொடுத்தது சொற்பம். ஜட்ஜ் தன்னுடைய முடிவை எழுத்தில் கொடுத்தார். லோயர் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். அவளைப் பொய்க்காரி என்று ஜட்ஜ் சொல்லவில்லை. நோ இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் பரவாயில்லை என்று டொக்டரிடம் அவளே சொல்லி வந்திருக்கிறாள், குடும்ப விழாவில் தனக்குரிய பங்கைச் சிரமமில்லாமல், சந்தோஷமாகச் செய்திருக்கிறாள், ஆனபடியால் நிரந்தரமான, பாரதூரமான பாதிப்பென்று நிறுவப்படவில்லை என்று எழுதியிருந்தார். அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை. முன்னால் வைத்ததைப் பார்த்துத்தான் அவர் சொல்ல வேண்டும். நோவைக் காட்டினால்தான் அங்கே நம்புவார்கள். எங்களுக்கோ, நாலு பேருக்கு முன்னால் நோவைக் காட்டுவது வெட்கம். விழாவில் முகம் சுளித்து நின்றிருந்தால் கோர்ட்டில் வென்றிருப்பாள், பிள்ளையின் படத்தில் தோற்றிருப்பாள். எதை வெல்ல வேண்டுமென்று அவளிடம் அன்று ஆரும் கேட்கவில்லை.

அன்று சப்வேயில் வீட்டுக்கு வந்தோம். சனம் நெருக்கியடித்தது. ஒரு இடம் கிடைத்தது. அவளை இருக்கச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இருங்கோ மாமி. எனக்குத்தான் ஒண்டுமில்லையாமே" என்றாள். முகத்தில் அதே வீடியோச் சிரிப்பு. வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் படத்தில் பிடிக்க ஏலாது. கல்யாண வீட்டில் கேமரா திரும்பினால் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். மகன் றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று, பால் காய்ச்சும்போதும் அவள் கையில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் கைக்குழந்தையை நீட்டினாள். அவளும் ஆசையாகக் கையை நீட்டினாள். ஆரோ படமெடுக்கப் போனைத் தூக்கினார்கள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "வழக்கு முடிஞ்சு எவ்வளவு காலம், உன்னை ஆர் இப்ப பாக்கப்போகினம்?" என்று மகன் கத்துவான். குழந்தையைப் பிறகு, போன்கள் எல்லாம் பைக்குள் போன பிறகு, மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

போன கோடையில், சாமத்தியப்பட்ட அதே பேத்திக்குக் கல்யாணம். ஆலாத்திக்கு என் மருமகளைக் கேட்பதா விடுவதா என்று வீட்டில் குசுகுசுத்தார்கள். பேத்தியே அவளிடம் வந்து, "மாமி, இட்ஸ் ஓகே. நீங்க செய்யத் தேவையில்ல. சும்மா எனக்குப் பக்கத்தில நிண்டாக் காணும்" என்றாள். மருமகள் அவளுடைய கன்னத்தைத் தொட்டுவிட்டு, நான் மினுக்கி வைத்த தட்டை எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் இருந்த கறுப்பைப் பெருவிரலால் தடவினாள்.

மணவறைக்கு முன்னால், திரிகளைக் கொளுத்திய பிறகு, அவள் வீடியோக்காரனைக் கூப்பிட்டாள். இது வேறு ஆள், இளம் பெடியன்.

"தம்பி, உதைக் கொஞ்சம் நிப்பாட்டும்."

"அன்ரி, இதுதானே முக்கியமான சீன்!"

"அதுதான் சொல்லுறன், நிப்பாட்டும். மற்றவையும் போனை உள்ள வையுங்கோ."

சிலர் சிரித்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை. நான் என் கதிரையிலிருந்து எழும்பி நின்றேன். "சொன்னது விளங்கேல்லையோ?" என்றேன். போன்கள் எல்லாம் உள்ளே போயின. பெடியன் கேமராவை இறக்கி நிலத்தைப் பார்க்கப் பிடித்தான்.

மருமகள் தட்டைத் தூக்கினாள். தோள் உயரும்போதே அவளுடைய முகம் கோணியது. அதை அவள் மறைக்கவில்லை. பல்லைக் கடித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது, "அம்மா" என்று முனகினாள். நான் அவளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த இத்தனை காலத்தில் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஒரு திரி சரிந்து விளிம்பைச் சுட்டது, அவள் பாதியில் விடவில்லை. சுற்றி முடித்துத்தான் தட்டை இறக்கினாள். நடிக்கிறாள் என்று முன்பு கோயிலில் சொன்னவளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். குனிந்து தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாண வீடியோ வந்தது. ஆலாத்தி வர வேண்டிய இடத்தில் பெடியன் பூமாலையையும் விளக்கையும் காட்டி, ஒரு பாட்டைப் போட்டு நிரப்பியிருக்கிறான். அதைப் பார்க்கிற ஒருவருக்கும் அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. அந்த ஜட்ஜ் அன்றைக்கு எங்கட மண்டபத்தில், முன்வரிசையில், ஒரு கதிரையில் இருந்திருக்க வேண்டும் என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

தட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் இப்போது இரண்டு இடத்தில் கறுத்திருக்கிறது. புளியைக் கரைத்து வைத்தேன். பிறகு அதை அப்படியே ஊற்றிவிட்டுத் தட்டைத் துடைத்து வைத்துவிட்டேன்.